பட்டதாரிகளின் வேலையின்மையும் அரசுத் துறைகளின் அமைப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

படித்தும் வேலை கிடைக்காமைக்குப் பிள்ளைகளின் சோம்பலையும் கல்லூரிகளின் தரத்தையும் காரணமாகக் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உதவ வேண்டிய அரசு அலுவலகங்கள் எவ்வாறு பிரித்து அமைக்கப்பட்டுள்ளன என்பதை நாம் கவனிப்பதில்லை. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் 1956 நவம்பரில் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மத்தியில், வேலைவாய்ப்பும் தொழிற்பயிற்சியும் நெடுங்காலம் தொழிலாளர் அமைச்சகத்தின் ஒரே தலைமை இயக்ககத்தில் இருந்தன. 2014 இல் திறன் மேம்பாட்டுக்கெனத் தனி அமைச்சகம் தோன்றியது. மறு ஆண்டு பயிற்சிப் பிரிவு அங்கே சென்றது. வேலைவாய்ப்புப் பிரிவு பழைய இடத்திலேயே தங்கியது. பட்டதாரிகளுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியங்களோ இவ்விரண்டிலும் சேராமல் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. ஆக, ஒரு பட்டதாரிக்கு மூன்று அமைச்சகங்கள்!

பிரித்ததே குற்றம் என்று நான் கூறமாட்டேன். தனி அமைச்சகம் வந்ததால் பயிற்சி தனிக் கவனம் பெற்றது. குறை வேறிடத்தில் உள்ளது. ஒவ்வோர் அலுவலகமும் தன் கணக்கையே மேலிடத்துக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. பதிவு செய்தோர் தொகை ஒன்றின் கணக்கு. பயிற்சி முடித்தோர் தொகை மற்றொன்றின் கணக்கு. ஒரு பட்டதாரியை அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பிவைத்த அலுவலருக்கு அதனால் வரவு எதுவும் எழுதப்படுவதில்லை. பிறகு கூட்டங்கள் எத்தனை நடத்தினாலும் ஒத்துழைப்பு எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும் பட்டதாரிக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் 600 ரூபாய் உதவித்தொகைக்கு விதி உண்டு. அந்த ஐந்தாண்டில் அவர் தவறாமல் செய்ய வேண்டியது பதிவைப் புதுப்பிப்பது! காத்திருப்புக்கு விதி எழுதியவர்கள், அக்காலத்தில் அவரைப் பயிற்சிக்குக் கைமாற்றும் பொறுப்பையும் அதே விதியில் எழுதியிருக்கலாம்.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். 2014 ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பொறியியல் அல்லாத பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் தொழில் பழகுநராகச் சேர வழி பிறந்தது. அவர்களுக்கு நிறுவனம் தரும் உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஈடுசெய்கிறது. தென் மண்டல வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர் இதில் பதிந்தவராக மாட்டார். தனியே பதிய வேண்டும். இதை அவருக்கு எடுத்துச் சொல்லும் கடமை எந்த அலுவலகத்துடையது?

அரசின் அமைப்பை நம்மால் மாற்ற இயலாது. எனினும் நம் மஹல்லாவில் ஒரே பதிவேடும், அதற்குப் பொறுப்பாக ஒரே ஒருவரும் இருக்க இயலும். இதற்கெனக் குழு வேண்டாம். குழுவென்றால் மறுபடியும் பொறுப்பு பிரிந்துவிடும். ஒவ்வொரு பட்டதாரியும் எங்கெங்கே பதிந்தார், யார் அழைத்தார்கள், ஓராண்டுக்குப் பின் வேலையில் இருக்கிறாரா என்று அதில் எழுதப்பட வேண்டும். அந்தக் கடைசி விவரத்தை அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்குடன் சேர்த்து வாசிக்குமாறு நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன்.