கணினிப் போரில் பேச்சே படை
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"எப்பப் பார்த்தாலும் கேம் கேம்னு உட்கார்ந்திருக்கான்" என்று சொல்லாத பெற்றோர் இன்று இல்லை. அந்தக் கேமைப் பற்றித்தான் பேசப் போகிறேன். திட்டுவதற்காக இல்லை, பிள்ளைகள் பயப்பட வேண்டாம்.

விண்வெளி வியூக விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. திரையில் வானம் விரியும். உங்களுக்கு ஒரு கிரகம், சில கப்பல்கள், கொஞ்சம் குடிமக்கள். சுற்றியுள்ள நட்சத்திரங்களில் வேறு அரசுகள். 1993-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்', 2016-இல் சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'ஸ்டெல்லாரிஸ்' இரண்டும் இதில் பேர்போனவை. பையன்கள் பலர் செய்வது என்ன? கப்பலாகக் கட்டிக் குவித்துப் பக்கத்து அரசை அடிப்பது. ஆனால் அதே விளையாட்டில் தூது அனுப்பலாம், வாணிபம் பேசலாம், கூட்டணி சேரலாம். இந்த இரண்டாவது வழியில் என்ன லாபம் என்று பாருங்கள்.

முதலாவது, சிக்கனம். போர்க்கப்பல் சும்மா நின்றாலும் தீனி கேட்கும். மாதா மாதம் செலவு. எல்லையில் நண்பன் இருந்தால் அந்தச் செலவு ஆராய்ச்சிக்குப் போகும்.

இரண்டாவது, கல்வி. ஸ்டெல்லாரிசில் ஆராய்ச்சி உடன்படிக்கை செய்துகொண்டால், அடுத்த அரசுக்குத் தெரிந்த வித்தையை நாம் சீக்கிரமாகக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. ஒருவனோடு சண்டைக்குப் போனால் நம் முதுகு மற்றவனுக்குத் திறந்து கிடக்கும். கூட்டமைப்பில் சேர்ந்தவனைத் தொட்டால் எல்லாரும் எழுந்து வருவார்கள்.

நான்காவது, வெற்றியே இந்த வழியில் வரும். மாஸ்டர் ஆஃப் ஓரியனில் அரசுகள் எல்லாம் சபை கூடி வாக்களிக்கும். மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைத்தால் ஒரு குண்டு கூடப் போடாமல் நீங்கள்தான் தலைவர். ஆனால் வாக்குத் தவறியவன், ஒப்பந்தத்தை முறித்தவன் என்று பெயர் எடுத்துவிட்டால், அப்புறம் யாரும் கிட்டே வரமாட்டார்கள்.

"அப்படியென்றால் படையே வேண்டாமா?" என்று ஒரு தம்பி கேட்பான். வேண்டும் தம்பி! பேச்சுக்கே இணங்காத அரசுகளும் அந்த வானத்தில் உண்டு. மேலும் ஸ்டெல்லாரிசின் பேரவையில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை உங்கள் மக்கள் தொகை, செல்வம், அறிவியல், கப்பற்படை எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். பேச்சுவார்த்தை வேறு, கெஞ்சல் வேறு. நம் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனது உங்களுக்குத் தெரியும். உன் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளக்கின்றன, எங்கள் மன்னனுடையவை போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல் புகழ்ந்து, எங்களை லேசாக நினைக்காதே என்று சொல்லிவிட்டார். அதுதான் தூது!

நம் ஊருக்கே வருவோம். கோலசிலாங்கூர் மெலாவத்திக் குன்றுக்குப் பிள்ளைகள் குரங்கு பார்க்கப் போயிருப்பீர்கள். அங்கே இருந்த கோட்டையை 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். சுல்தான் இப்ராகிம் பகாங்கின் உதவியைத் தேடிக்கொண்டு 1785-இல் அதை மீட்டார். டச்சுக் கப்பல்கள் கடலை அடைத்து நின்றன. 1786-இல் உடன்படிக்கையில்தான் அந்தச் சண்டை ஓய்ந்தது. கோட்டையை மீட்டதும் கூட்டணி. சண்டையை முடித்ததும் பேச்சு.

நம் தோட்ட மக்களின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. நியாயமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். பதிலுக்குத் துருப்புகள் வந்தன. தொழிலாளர் உயிர் போனது. தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். அவர்களிடம் வீரம் இல்லையா? நிறைய இருந்தது. சமமாக உட்கார்ந்து பேச ஒரு மேசைதான் இல்லை. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.நாராயணன் முதலானோர் முதலாளிமார் சங்கத்தோடு எதிரெதிரே அமர்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் பேச வேண்டிய இடத்தில் நமக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியை வாங்கித் தந்தது ஒற்றுமை.

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் இன்னும் வாய்ப்பழக்கத்தில் சொல்லும் பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், தோட்டம் கைமாறிய பிறகு ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல்லாண்டுகள் மனு கொடுத்து, கூட்டம் போட்டு, பேசி நின்றதை இங்கே பல பேர் அறிவீர்கள். தோட்டத்துக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து போயிருந்தால் அந்தக் குரல் யார் காதில் விழுந்திருக்கும்?

பெற்றோர்களே, விளையாட்டுக்கு நேரம் வகுத்துக் கொடுங்கள். பாடமும் தூக்கமும் முதலில். ஆனால் பிள்ளை விளையாடி முடித்ததும், "ஜெயிச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். "யாரைச் சேர்த்துக்கிட்ட? எதை விட்டுக்கொடுத்த? எதை விட்டுக்கொடுக்கல?" என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்ல அவன் யோசிக்கப் பழகுவான்.

மாணவச் செல்வங்களே, நாம் இந்த நாட்டில் சிறிய கூட்டம். அந்த விளையாட்டில் ஒரே ஒரு கிரகத்தை வைத்திருக்கும் சின்ன அரசு மாதிரி. சின்ன அரசு எல்லாரோடும் மல்லுக்கட்டி வாழ முடியாது. எல்லாருக்கும் தலையாட்டியும் வாழ முடியாது. நாளை சம்பளம், வீடு, பள்ளிக்கூட நிலம் என்று எத்தனையோ மேசைகளில் நீங்கள் உட்கார வேண்டியிருக்கும். அதற்குத் தமிழும் வேண்டும், மலாயும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். கணக்கும் சட்டமும் தெரிய வேண்டும். அவைதான் உங்கள் கப்பற்படை. இன்று இடைவேளையில் திடலில் பந்துக்காகச் சண்டை வந்தால், கையை ஓங்குவதற்கு முன் வாயைத் திறந்து பேசிப் பாருங்கள். பயிற்சி அங்கேயே தொடங்கட்டும்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!