ஏரிக்கரையில் தூண்டில்: படகில்லாமல் மீன் பிடிப்பது எப்படி?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகும் மீன் பிடிப்பதைக் கேட்க இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் குடியிருப்பிலிருந்து தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பிள்ளைகளும் கூடவே போகிறார்கள். நம்மில் பாதிப் பேர் வேலைக்காக வெளியூரிலிருந்து இங்கே வந்தவர்கள். இங்குள்ள ஏரி எப்படிக் கட்டப்பட்டது, யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் தூண்டிலுக்கு முன்னால் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். அது தெரிந்தால் மீன் பிடிப்பதில் பாதி வேலை முடிந்தது.

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று சிப்காட் வளாகங்களைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் மனிதர் கட்டிய ஏரிகள். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மண்ணால் நீளமாகக் கரை போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். அவ்வளவுதான் ஏரி. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. தண்ணீர் வந்து சேரும் பக்கம் ஆழம் குறைவு, கரைப் பக்கம்தான் ஆழம். மதகு இருக்கும் இடம் இன்னும் ஆழம், ஏனென்றால் கடைசிச் சொட்டுத் தண்ணீர்வரை வயலுக்குப் போக வேண்டும் என்று மிகத் தாழ்வான இடத்தில்தான் மதகு வைப்பார்கள்.

இதனால்தான் நமக்குப் படகு வேண்டியதில்லை. இயற்கையான குளம், குட்டைகளில் ஆழம் நடுவில் இருக்கும். ஏரியில் ஆழம் உங்கள் காலடியில் இருக்கிறது. வெயில் ஏறினால் மீன் ஒதுங்குவதும் அந்த ஆழத்துக்குத்தான். கரைச் சரிவில் அடுக்கியிருக்கும் கற்களின் இடுக்கில் பாசி, புழு, சின்ன இறால் எல்லாம் இருக்கும். இரை தேடி மீன் அந்தக் கல் ஓரமாகவே சுற்றும். புதிதாக ரீல் வாங்கியவர்கள் அது கொடுக்கும் உற்சாகத்தில் நாற்பது மீட்டர் தள்ளி வீசுகிறார்கள். கரையிலிருந்து மூன்று, நான்கு மீட்டருக்குள் போட்டுப் பாருங்கள்.

இந்தப் பகுதியில் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம் இருப்பதால் இன்னும் இரண்டு விஷயம். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், உங்கள் நிழல் தண்ணீர்மேல் விழும். அது ஆடினால் மீன் கலையும். கரை உச்சியில் நிற்காமல் கொஞ்சம் பின்வாங்கி உட்காருங்கள். பேச்சுச் சத்தத்தைவிடக் காலைத் தொம்மென்று வைக்கிற அதிர்வுதான் மீனை விரட்டும். இரண்டாவது, ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று. அது மேல் தண்ணீரையும் அதில் மிதக்கிற பூச்சி, பாசியையும் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். முகத்தில் காற்று அடித்தால் வீசுவது சிரமம்தான், ஆனால் மீன் பக்கத்தில் இருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்ட எதிர்ப்பக்கம் ஓடாதீர்கள்.

என்ன மீன் கிடைக்கும்? முதலில் ஜிலேபி கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீனை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அது இல்லாத ஏரி இல்லை. தாய் மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும், அதனால் குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆகவே எவ்வளவு பிடித்தாலும் எனக்கு வருத்தமில்லை. பழகுபவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதுதான் சரியான மீன்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். எட்டு, பத்தடி நீளத்தில் ஒரு மடக்குக் கம்பு, கால் மில்லிமீட்டர் தடிமனில் நைலான் நரம்பு, சின்ன முள், தக்கை, ஒரு ஈயக்குண்டு. ரீல் இல்லாமல் மூங்கில் கழியிலும் பிடிக்கலாம். மண்புழுவைத் துண்டாக்கிக் கோக்கலாம். அதைத் தொட அருவருப்பாக இருந்தால் கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் பஞ்சு சேர்த்துப் பிசைந்தால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது.

பலரும் செய்யாத ஒரு வேலை இருக்கிறது: ஆழம் பார்ப்பது. முள்ளில் ஒரு கனமான குண்டைக் கட்டித் தண்ணீரில் விடுங்கள். தக்கை மூழ்கினால் தக்கைக்கும் முள்ளுக்கும் உள்ள நீளம் போதவில்லை, தக்கையை மேலே நகர்த்துங்கள். படுத்தால் நீளம் அதிகம், கீழே இறக்குங்கள். நிமிர்ந்து தலை மட்டும் தெரிந்தால் அதுதான் ஆழம். பிறகு குண்டை எடுத்துவிட்டு, இரை தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி வையுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் பொறுக்காமல் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. ஜிலேபி கொத்தினால் தக்கை இரண்டு மூன்று தடவை துள்ளும். அப்போது இழுக்காதீர்கள். தக்கை பக்கவாட்டில் நகரும்போது மணிக்கட்டை மட்டும் தூக்கினால் போதும்.

அடுத்தது விரால். இதற்குத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆகாயத்தாமரை, அல்லி, கோரை இருக்கும் ஓரங்களில் பதுங்கியிருக்கும். இது தலையை மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கும் மீன். செடிகளுக்கு நடுவே ஒரு 'பொளக்' சத்தம் கேட்டால் அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குத் தடித்த நரம்பு வேண்டும், இல்லாவிட்டால் செடிக்குள் புகுந்து அறுத்துக்கொண்டு போய்விடும். உயிருள்ள தவளையைக் கோத்துப் போடும் பழக்கம் இங்கே உண்டு. தயவுசெய்து வேண்டாம். கொசுவைத் தின்கிற உயிரினம் அது, நம் குடியிருப்பின் கொசுத் தொல்லை உங்களுக்குத் தெரியாததல்ல. கடைகளில் ரப்பர் தவளை விற்கிறது. செடியின்மேல் இழுத்து, சின்ன இடைவெளியில் நிறுத்தி, மறுபடி இழுத்தால் விரால் பாயும்.

விராலில் இன்னொரு விஷயம். தண்ணீர்மேல் செம்மையாக, கொதிப்பதுபோல் குஞ்சுக்கூட்டம் நகர்வதைப் பார்ப்பீர்கள். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். எது அருகில் வந்தாலும் ஆவேசமாகக் கடிக்கும், அதனால் பிடிப்பது சுலபம். அந்த மீனை எடுத்துவிட்டால் அன்று மாலைக்குள் ஜிலேபியும் கொக்கும் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். முதல் மழைக்குப் புதுத்தண்ணீரை எதிர்த்துக் கால்வாயில் ஏறி வரும் மீனும் அப்படித்தான், வயிறு நிறைய முட்டையோடு வரும்.

கெளுத்திக்கு இரை தரையில் கிடக்க வேண்டும், அந்தி நேரம் நல்லது. முதுகிலும் இரண்டு பக்கமும் முள் உண்டு. துணியால் அழுத்திப் பிடித்துத்தான் தூண்டிலைக் கழற்ற வேண்டும். தேளி குத்தினால் வலி தாங்காது. பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் கையை வைத்தால் வலி தணியும், வீக்கம் கூடினால் மருத்துவரிடம் போங்கள்.

கட்லா, ரோகு, மிர்கால் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்த நம் நண்பர்களுக்கு ரோகு என்றால் உயிர். இந்த மீன்கள் பெரும்பாலும் யாரோ காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டவை. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடமும், சின்ன ஏரிகள் ஊராட்சி அமைப்புகளிடமும் இருக்கின்றன. அவற்றில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஊர்க்காரர்களோ எடுத்திருப்பார்கள். இதற்கு 'மீன்பாசி குத்தகை' என்று பெயர். பழைய கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று வருவதும் இதுதான், அந்த வருமானத்தில் ஏரியைத் தூர் வாரிய ஊர்கள் உண்டு. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து கி.பி. 919, 921 கல்வெட்டுகளில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஏரி வாரியமே இருந்த செய்தி இருக்கிறது. ஏரி ஆளில்லாத இடமாக என்றும் இருந்ததில்லை.

ஆகவே போகும் முன்பு கரையில் வலை காயவைத்திருப்பவரிடம் கேளுங்கள். "அண்ணே, குத்தகை யார் எடுத்திருக்காங்க? ஒரு தூண்டில் போட்டுக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஜிலேபி, கெளுத்தி பிடிக்க விடுவார்கள். சிலர் சின்னத் தொகை கேட்பார்கள், கொடுக்கலாம். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். "அரசாங்க ஏரிதானே, நீ யார் கேட்க?" என்று கரையில் நின்று சட்டம் பேசுகிறவர்களால்தான் அபார்ட்மெண்ட்காரர்கள் என்றாலே ஊரில் முகம் சுளிக்கிறார்கள். தெரியாமல் வளர்த்த கட்லா மாட்டிவிட்டால் கையை நனைத்துப் பிடித்துத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

செம்பரம்பாக்கம் வேறு கணக்கு. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி, சென்னைக்குக் குடிநீர். அங்கே அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் அங்கேதான் போகிறது. நாம் கரையில் விட்டுவரும் பிளாஸ்டிக் கவரும் அதே வழியில்தான் போகும். அறுந்த நரம்பை மட்டும் கண்டிப்பாகச் சுருட்டி எடுத்து வாருங்கள். கொக்கு, நாரை காலில் சுற்றினால் அவிழவே அவிழாது.

சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். கழிவுநீர்க் கால்வாய் வந்து சேரும் இடம், நுரை, எண்ணெய்ப் படலம், ரசாயன வாடை உள்ள தண்ணீர், இவற்றில் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். கொதிக்க வைத்தாலும் உலோகக் கழிவு போகாது. கோடையில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியால் இல்லை. பச்சையேறிய தண்ணீரில் இரவு முழுக்கப் பிராணவாயு குறைந்து மூச்சுத் திணறுகிறது. அன்று தூண்டில் போட்டும் பயனில்லை. செத்து மிதக்கும் மீனை எடுக்கவே கூடாது.

கடைசியாகச் சொல்வதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஆழம் காலடியில் இருக்கிறது என்று முதலில் சொன்னேன். மீனுக்கு அது எவ்வளவு வசதியோ, நமக்கு அவ்வளவு ஆபத்து. கல் சரிவு பாசி படிந்து வழுக்கும். வழுக்கினால் நிற்க இடமில்லை. உள்ளே மண் அள்ளிய பள்ளங்கள் இருக்கும், மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரிதான் தெரியும். சிக்கிய தூண்டிலை எடுக்க யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நரம்பை அறுத்துவிடுங்கள், முள் பத்து ரூபாய். கலங்கல் வழியும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போகாதீர்கள், தூக்கக் கண்ணோடு ஈரக் கல்லில் நிற்பது சரியில்லை. தலைக்குமேல் மின்கம்பி போகிறதா என்று பாருங்கள், இந்தப் பகுதியில் ஏரிக்கு நடுவிலும் உயர் அழுத்தக் கம்பி போகிறது. கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். நன்றாக எட்டி நில்லுங்கள்.

மூடி இறுகிய காலி ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் இருபது மீட்டர் கயிறு கட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் வீசும்போது நேராகப் போகும். யாராவது விழுந்தால் குதிக்காதீர்கள், கேனை வீசுங்கள், 108-ஐ அழையுங்கள். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன செய்தியை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்.

இரண்டு கேன்கள் கயிறு கட்டி மெயின் கேட் செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறேன். ஏரிக்குப் போகிறவர்கள் ஃபிளாட் எண், எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று அங்கே உள்ள நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் கேனை வைத்துவிடுங்கள், அடுத்தவருக்கு வேண்டும்.