எல்லை கடந்த மணங்கள்



1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பிரிட்டிஷ் இந்தியாவில் சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் நிரம்புமுன் மணம் முடித்தல் குற்றமாயிற்று. ஆனால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் புதுவையில் அச்சட்டம் செல்லாது. ஆகவே, சென்னை மாகாணத்துப் பெற்றோர் சிலர் தம் சிறுமியரை இங்கு அழைத்து வந்து, தாலி கட்டுவித்துத் திரும்பினர். சட்டத்திற்குத் தப்பினர், உடலின் நியதிக்குத் தப்ப இயலுமோ?

புதுவையிலும் நிலைமை விந்தையானதே. 1881ஆம் ஆண்டு ஆணையை ஏற்றுத் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்த 'ரெனோன்சான்' குடும்பத்தினர் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்திற்கு உட்பட்டனர். அச்சட்டப்படி மணப்பெண்ணுக்கு 15 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். மற்றையோர்க்கோ அவரவர் வழக்கமே சட்டம். ஒரே ஊரில் இருவேறு நீதி!

பூப்பெய்திய பெண் தாய்மைக்கு ஆயத்தமாகிவிட்டாள் என்று நம் முன்னோர் எண்ணினர். அது பிழை. அதன் பின்னரும் சில ஆண்டுகள் இடுப்பெலும்பு வளர்கின்றது. வளர்ச்சி முடியுமுன் கருவுற்றால், குழந்தை வெளிவர வழி போதாமல் பிரசவம் தடைப்படலாம், வலிப்பு காணலாம். வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு வளர்ந்தவளின் உடலில் இரத்தம் ஏது? பிறர் தாங்கும் குருதிப்போக்கும் அவளைக் கொண்டுபோய்விடும். இன்றும் உலகெங்கும் 15 முதல் 19 வயதுப் பெண்களைக் கொல்லும் காரணங்களுள் பேறுகாலச் சிக்கல்கள் முன்வரிசையில் நிற்கின்றன.

பெற்றோர் கொடியவரல்லர். வயது ஏறினால் வரதட்சணையும் ஏறும். அக்காளின் பந்தலிலேயே தங்கைக்கும் முடித்தால் ஒரு செலவு மிச்சம். உயர்நிலைப் பள்ளியோ தொலைவில். ஊர் வாயோ அருகில். கடனாளியான தந்தைக்கு இவை சிறு காரணங்களல்ல. இந்தியாவில் பெண்ணின் மணவயதை 18 ஆக்கும் சட்டம் 1978ஆம் ஆண்டில் வந்தது. வறுமைக்கு அது தெரியவில்லை.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். கணக்கில் கெட்டிக்காரி அவள். "ஏன் ஐயா?" என்றேன். "குடும்ப நிலைமைங்க" என்று தலை குனிந்தார். வெளியே பலர் காத்திருந்தனர். மேற்கொண்டு நான் வினவவில்லை. இரண்டாண்டு கழியுமுன் அவள் முதற்பேற்றில் இறந்தாள் என்று அவள் தோழி வந்து சொன்னாள். பழைய அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தேன். காரணம் என்னுமிடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்றிருந்தது. கீழே என் கையொப்பம்.