மகாவலிக் கரையிலிருந்து பதுவைப்பதிக்கு

மகாவலி கங்கை வளைந்து செல்லும் கட்டுகஸ்தோட்டையிலே அந்தோனியார் கல்லூரி நிற்கின்றது. அப்பெயரை நாள்தோறும் சொல்லும் மாணவருள் எத்தனை பேர், அந்த அந்தோனியாரின் பதுவைப்பதி எங்கே உளது என்று எண்ணிப் பார்த்திருப்பர்? இத்தாலியின் வடபாகத்திலுள்ள பாடோவா நகரமே அது. கட்டுகஸ்தோட்டையில் பயின்ற மாணவன் ஒருவன் உயர்கல்விக்காக அந்நாட்டுக்குச் சென்றால், வகுப்பில்லாத நாள்களில் அவன் எவற்றைக் காண வேண்டும்?

ரோமாபுரியின் கொலோசியம், பீசாவின் சாய்ந்த கோபுரம், வெனிஸ் நகரின் நீர்வீதிகள் என்று வாரமொன்றில் ஏழு ஊர் ஓடுவோர் பலர். ஊர் திரும்பிய பின் அவர்களிடம் எஞ்சுவன படங்களே. கட்டுகஸ்தோட்டை மாணவனுக்கோ வேறொரு வழி திறந்திருக்கின்றது. அவன் இத்தாலியைத் தேடிப் போகுமுன்னரே இத்தாலி அவனூரைத் தேடி வந்துவிட்டது.

1845ஆம் ஆண்டிலே, ஆசீர்வாதப்பர் ஒழுங்கைச் சார்ந்த சில்வெஸ்திரியத் துறவியர் இலங்கையில் கால்வைத்தனர். 1854இல் கண்டியிலே அவர்கள் தொடங்கிய பள்ளியே பின்னர் கட்டுகஸ்தோட்டைக்குப் பெயர்ந்தது. 1886இல் கண்டி தனி மேற்றிராசனமானபோது முதல் மேற்றிராணியாராக அமர்ந்தவரும் அவர்களுள் ஒருவரான பஞ்ஞானி என்னும் இத்தாலியரே. இவர்களெல்லாம் எங்கிருந்து வந்தனர் என்று தேடிச் செல்வதே அம்மாணவனின் முதற் பயணமாகலாம்.

ரோமாபுரியிலிருந்து அங்கோனாவுக்குப் போகும் புகைவண்டி, அப்பெனைன் மலைகளைக் கடந்து பப்ரியானோ என்னும் சிற்றூரில் நிற்கும். ஊருக்கு மேலே மொந்தெபானோ மலையில் அத்துறவியரின் தாய்மடம் இருக்கின்றது. 1231இல் அதனை நிறுவிய சில்வெஸ்தர் தாமும் ஒரு காலத்தில் மாணவராயிருந்தவர். பொலோஞ்ஞாவிலே சட்டம் பயில அனுப்பப்பட்டவர், அதை விடுத்து இறைநூல் பயிலத் தொடங்கினார். தந்தை சினந்து பல்லாண்டு மகனுடன் பேசாதிருந்தார் என்பர். பெற்றோர் குறித்த பாடத்தை மாற்ற அஞ்சும் மாணவர் இக்கதையை அந்த மலையிலிருந்தே கேட்பது நன்று!

மலையிறங்கினால் பப்ரியானோவின் மற்றொரு பெருமை காத்திருக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே அது காகிதம் செய்யும் ஊர். கந்தலை நீராற்றலால் இயங்கும் சம்மட்டிகளால் இடித்துக் கூழாக்கினர். எழுதும் மை ஊறிப் பரவாதிருக்க விலங்குப் பசை பூசினர். தாளை ஒளிக்கு நேரே பிடித்தால் மட்டும் தோன்றும் நீர்க்குறியையும் அங்கேதான் வழக்கிற்குக் கொணர்ந்தனர். பணத்தாளை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கும் கடைக்காரர் எவரும் இவ்வூருக்குக் கடன்பட்டவரே. அங்குள்ள காகித அருங்காட்சியகத்தில் இன்றும் கையாலே தாள் செய்து காட்டுகின்றனர். ஓலையில் எழுதி வந்த நாட்டுப் பிள்ளைக்கு அக்காட்சி ஓர் அரைநாளை வாங்கிவிடும்.

ஓலை என்றதும் பதுவை நினைவுக்கு வருகின்றது. அங்கே 1222இல் எழுந்த சர்வகலாசாலையிலே கலிலேயோ 1592 முதல் 1610 வரை கற்பித்தார். அதனைச் சார்ந்த தாவரத் தோட்டம் 1545இல் அமைந்தது. தான் தோன்றிய இடத்திலேயே இன்றளவும் நிலைத்திருக்கும் சர்வகலாசாலைத் தோட்டங்களுள் அதுவே மூத்தது. அங்கே 1585இல் நட்ட ஒரு பனைவகை மரத்தைத் தனிக் கண்ணாடி வீடு கட்டிக் காக்கின்றனர். அதன் இலை பனையோலை போன்றே விசிறியாய் விரியும். பேராதனைத் தோட்டத்திலே வரிசை வரிசையாய் நிற்கும் பனைவகைகளைக் கண்டு வளர்ந்தவனுக்கு, ஒரு மரத்திற்கு இத்துணை மரியாதையா என்று முதலில் நகைப்பே தோன்றும். ஜெர்மானியக் கவி கோதே 1786இல் அதனருகே நின்று, ஓரிலை மற்றோரிலையாய் உருமாறுவதை ஆழ்ந்து நோக்கினார் என்று அறிந்த பின்னரோ அவன் நகைக்க மாட்டான். ஊருக்கு வந்ததும் பேராதனைக்கு மீண்டும் ஒருமுறை போவான். இம்முறை உண்மையாகவே பார்ப்பதற்காக.

இன்னொன்றும் சொல்லாமல் விடலாகாது. இத்தாலிய நகரங்களிலே இலங்கையர் பல்லாயிரவர் உழைத்து வாழ்கின்றனர். பிறர் வீட்டைத் துடைத்து, முதியோரைப் பேணி, ஊருக்குப் பணம் அனுப்புகின்றவர்கள் அவர்கள். வீட்டோடு தங்கி வேலை செய்வோருக்கு ஓய்வென்பது ஞாயிறும், வாரத்தின் நடுவே ஓர் அரைநாளுமே. மாணவனுக்குக் கிடைத்த விடுமுறை அவர்களுக்கு வாய்ப்பதில்லை. கொலோசியத்தின் வழியாக நாள்தோறும் வேலைக்குப் போயும் அதனுள்ளே நுழையாதவர் அவர்களிடையே இருப்பின் வியப்பில்லை.

பதுவைப் பேராலயத்திலே அந்தோனியாரின் கல்லறைக் கல்லின்மேல் உள்ளங்கையை அழுத்தி மௌனமாய் நிற்பார்கள் யாத்திரிகர்கள். 1231 ஜூன் 13இல் மறைந்த அத்துறவியிடம் குழந்தைகளின் படங்களையும் நோயாளிகளின் படங்களையும் வைத்துச் செல்வர். கொச்சிக்கடை ஆலயத்தின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைக் கண்டவனுக்கு அந்த மௌனம் புதிதன்று. அங்கே தன் முறைக்காகக் காத்து நிற்கையிலே பின்னாலிருந்து, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று தமிழிலே ஒரு குரல் கேட்டால், அவன் திரும்பி, "கட்டுகஸ்தோட்டை, அம்மா" என்பான்.