கையில் உள்ள கணம்



பத்தாம் வகுப்பைத் தாண்டாத இரயில்வே எழுத்தர் மனத்தைப் பற்றிப் பேசலாமா என்று அவையோர் எண்ணக்கூடும். உளநூலை நாம் முறையாகக் கற்றோமில்லை. ஆயினும் தண்டவாளமே நமக்கு ஒரு பள்ளிக்கூடம். அங்குக் கற்ற பாடத்தையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மனிதனுக்குக் கிடைத்துள்ள கருவிகளுள் மனத்தினும் வலியது வேறில்லை. அக்கருவியோ, வேண்டிய பொழுதில் வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. 2010ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர், 2,250 பேரைக் கைப்பேசி வழியே வெவ்வேறு வேளைகளில் வினவி, அவர்கள் செய்வது யாது, நினைப்பது யாது எனக் கேட்டறிந்தனர். ஏறக்குறைய நூற்றுக்கு 47 பங்கு வேளைகளில் மனம் செய்யும் வேலையில் இல்லை. அவ்வாறு அலைந்த மனம் மகிழ்ச்சி குன்றியே இருந்தது என்றும் அவர்கள் கண்டனர். பாதி வாழ்நாளை நாம் வாழாமலே கழிக்கின்றோம் என்பதன்றோ இதன் பொருள்?

‘மனமே, இங்கே நில்’ என்று ஆணையிட்டால் அது நிற்குமா? நிற்காது. இரயில்வே இவ்வுண்மையை நன்கு உணர்ந்துள்ளது. ஆதலின் அது வெறும் உறுதிமொழியை நம்புவதில்லை. மனத்திற்கு ஒரு சிறு வேலையைக் கொடுத்து, அதனை நிறுத்தி வைக்கின்றது. எஞ்சினில் இருக்கும் லோகோ பைலட்டும் அவருடைய உதவியாளரும், எதிர்வரும் சிக்னலின் நிறத்தைக் கண்ணால் கண்டு, கையால் காட்டி, வாயால் ஒருவர்க்கொருவர் உரக்கச் சொல்லுகின்றனர். நூறு முறை சென்ற வழியாயினும் இம்முறை புதிதாகச் சொல்லியே ஆகவேண்டும். ஜப்பானிய இரயில்வே ஆராய்ச்சி நிலையம் 1994ஆம் ஆண்டில் செய்த சோதனையில், இவ்வாறு சுட்டிக்காட்டிச் சொல்லாதபோது நூறு செயல்களுக்கு 2.38 ஆக இருந்த தவறுகள், சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தன.

இன்னொன்றும் கூறுவோம். சிக்னலோடு பிணைக்கப்படாத லெவல் கிராசிங்கில், ‘கேட்டை மூடிவிட்டேன்’ என்று கேட் கீப்பர் சொன்னால் மட்டும் போதாது. தம்மிடமுள்ள தாளில் அடுத்து நிற்கும் பிரைவேட் நம்பரையும் அவர் சொல்லவேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதனைப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். ‘மூடிவிட்டேன்’ என்னும் சொல்லை நாக்கு பழக்கத்தால் சொல்லிவிடும்; மனம் அப்பொழுது சந்தையில் இருக்கலாம். முறைதோறும் மாறும் எண்ணையோ, தாளைப் பாராமல் சொல்ல இயலாது. அந்த எண், மனத்தை அந்தக் கணத்திற்கு இழுத்துவரும் கயிறு.

வள்ளுவப் பெருந்தகை ‘பொச்சாவாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். துன்பத்தால் வரும் மறதியை அன்று, மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியையே அவர் அங்கு முதலில் கடிகின்றார். எல்லாம் நன்றாக நடக்கின்றது, எல்லாம் பழகிவிட்டது என்னும் நினைவே மனம் நழுவும் வாயில்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், ஷொர்ணூரில் பாரதப்புழைப் பாலத்தருகே தண்டவாளத்தைத் தூய்மை செய்துகொண்டிருந்த தொழிலாளர் நால்வரைக் கேரளா எக்ஸ்பிரஸ் மோதியது. நால்வரும் உயிர் நீத்தனர். சேலத்திலிருந்து பிழைக்க வந்த நம் தமிழ் மக்கள் அவர்கள். பிழை எவருடையது என்று பேச நாம் இதனைச் சொல்லவில்லை. நம் பாலக்காட்டுக் குடியிருப்பில் வாழ்வோர்க்குக் கணம் என்பது வேதாந்தச் சொல் அன்று, உயிர் நிற்கும் இடம் என்பதை நினைவூட்டவே சொல்லுகின்றோம்.

‘நாளையை எண்ணாமல் குடும்பம் நடத்த இயலுமா?’ என்று தாய்மார்கள் கேட்பீர்கள். இயலாது; எண்ணத்தான் வேண்டும். ஆனால் திட்டமிடுதல் வேறு, கவலைப்படுதல் வேறு. கால அட்டவணையை முன்கூட்டியே உட்கார்ந்து வகுத்துவிடுகின்றனர். வண்டியை ஓட்டுபவர் வழியில் அதை வகுத்துக்கொண்டிருப்பதில்லை. மாத வரவு செலவிற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் தாளில் எழுதுங்கள். எழுதி முடித்தபின் அடுப்பங்கரையில் அதனை மீண்டும் கிளற வேண்டா. டிக்கெட் கொடுக்கும் எழுத்தர் தம் பணிநேரக் கணக்கை அன்றே முடித்துக் கொடுப்பதுபோல, அன்றைய மனக்கணக்கையும் அன்றே முடித்துவிடுதல் நலம்.

ஊர் விட்டு வந்த நமக்கென ஒரு நோய் உண்டு. உடல் இங்கிருக்கும், உள்ளம் தஞ்சையிலோ நெல்லையிலோ இருக்கும். ‘ஓய்வு பெற்று ஊருக்குப் போனபின்தான் வாழ்க்கை’ என்று முப்பது ஆண்டுகளைக் காத்திருப்பு அறையில் கழிப்பவர் நம்மிடையே பலர். அம்முப்பது ஆண்டுகளில்தான் குழந்தைகள் வளர்கின்றனர். பெற்றோர் முதுமை அடைகின்றனர். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி ஓணத்திற்குப் பாயசம் கொண்டுவந்து தருகின்றார். ஊரை மறக்கச் சொல்லவில்லை. ஊர் நினைவுக்காக இந்த வீட்டை வெறும் சத்திரமாக்க வேண்டா என்கின்றோம்.

இடுக்கி மலையில் ஏலக்காய் பறிக்கும் நம் சகோதரிகளைப் பாருங்கள். ஒரே சரத்தில் பழுத்த காயும் பிஞ்சும் கலந்திருக்கும். இன்று பழுத்ததை மட்டும் பறித்து, பிஞ்சை அடுத்த பறிப்பிற்கு விட்டுவைக்கின்றனர். மனத்தை ஆளும் கலையும் இதுவே. இன்றைக்கு முதிர்ந்த கடமையை இன்று பறிப்போம். நாளையது சரத்தில் இருக்கட்டும்.

எனவே, எளிய மூன்று செயல்களை வேண்டுகின்றோம். எரிவாயுவை அடைக்கும்போதும் கதவைப் பூட்டும்போதும் ‘அடைத்தேன்’, ‘பூட்டினேன்’ என வாய்விட்டுச் சொல்லுங்கள். உணவு வேளையில் கைப்பேசியை வேறோர் அறையில் வையுங்கள். குழந்தை பேச வரும்போது, கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டு அதன் முகத்தைப் பாருங்கள். அந்த முகம் நாளை இதே முகமாக இராது.

நம் கையில் உள்ளது இக்கணம் ஒன்றே. அதனைச் செவ்வனே செலவிடுவோமாக.