சீனத்துத் துளைக்காசும் மங்கலக் காசும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அன்புவழிபுரத்தில், மண் கொத்தும் சிறுவன் ஒருவன் சதுரத் துளையிட்ட காசொன்றைக் கண்டெடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் அதனைச் சீனக் காசு என்பர். ஆயின், அது கடைவீதியிற் செலவான நாணயமா, நலம் வேண்டி அணிந்த மங்கலக் காசா?

சீன நாணயம் இலங்கை மண்ணுக்குப் புதியதன்று. 1911இல் யாப்பகூவாவில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவை வெளிப்பட்டன; அவற்றுட் பெரும்பாலன சொங் மரபினர் காலத்தவை. தஞ்சை மாவட்டத்திலும் இத்தகைய புதையல்கள் கிடைத்துள்ளன.

நாணயத்தின் முகப்பில் வழக்கமாக நான்கு எழுத்துகள் இருக்கும். முதலிரண்டும் பெரும்பாலும் பேரரசனின் ஆட்சிக்காலப் பெயர். மற்றையவை 'தொங்பாவ்' போன்ற, பணத்தைக் குறிக்கும் சொற்கள். 621இல் தாங் அரசு வார்த்த 'கையுவான் தொங்பாவ்' பிற்காலக் காசுகளுக்கு வழிகாட்டி. குறுக்களவு ஏறக்குறைய 24 மில்லிமீற்றர், நிறை 4 கிராம். சிங் மரபினர் காசாயின், பின்புறத்தில் அக்கசாலையின் பெயர் மஞ்சு எழுத்தில் இருக்கும்.

மங்கலக் காசு அரசனைப் பேசாது, வேண்டுதலைப் பேசும். நீண்ட ஆயுளும் செல்வமும் பெறுக என்ற வாழ்த்தோ, பறவை நாகமோ, பன்னிரண்டு ஆண்டு விலங்குகளோ அதிற் காணப்படும். பெரும்பாலும் அது பெரிதாயும் தடித்தும் இருக்கும். அதனைக் கள்ள நாணயம் என்பது தவறு. நம்மவர் காசுமாலையிற் கோத்த காசை எவரேனும் கள்ளக்காசு என்பாரோ?

மயக்கம் தரும் காசும் உண்டு. 955இல் பிற்காலச் சௌ மரபின் பேரரசன் புத்தர் படிமங்களை உருக்கிச் 'சௌயுவான் தொங்பாவ்' என்ற நாணயத்தை வார்ப்பித்தான். புத்தர் உருவிலிருந்து பிறந்த அக்காசு நோய் தீர்க்கும் என்று மக்கள் நம்பினர். எனவே பிற்காலத்தார் அதே நான்கெழுத்துடன் மங்கலக் காசுகளையும் வார்த்தனர். முகப்பை மட்டும் படித்தவர் ஏமாறுவர். புரட்டிப் பார்த்தவர் பின்புறத்துப் பறவை நாகத்தைக் கண்டு தெளிவர்.

இக்காலத்துச் செந்நூலிற் கட்டி விற்கப்படும் பித்தளைக் காசுகளிற் பல, சியென்லுங் (1736–1795) முதலிய பேரரசர் பெயர் தாங்கிய புதுவார்ப்புகளே. எல்லாம் ஒரே நிறம், ஒரே தேய்வு. உண்மையாகவே கைமாறிய காசுகள் அவ்வாறு ஒத்துத் தேய்வதில்லை. காந்தச் சோதனையை மட்டும் நம்பலாகாது. சொங் அரசினர் இரும்பிலும் நாணயம் வார்த்தனர்.

சிறுவனின் காசுக்கு வருவோம். அதனைப் புளியிட்டுத் துலக்கலாகாது. துலக்கினால் எழுத்தோடு பழமையின் தடமும் போய்விடும். எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எப்பொருளோடு கிடைத்தது என்று எழுதிவைத்தல் வேண்டும். யாப்பகூவா 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைநகராயிருந்தது. அங்கே கிடைத்த காசுகளிற் பல அதற்கு முந்தியவை. கிடைத்த இடம் தெரியாதிருந்தால், அவை வார்த்த காலத்தையன்றி இங்கு வழங்கிய காலத்தை எவரும் ஊகிக்க இயலாது. காசைத் தாளில் மடித்து, குறிப்புடன் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். மங்கலக் காசாயினும் அவ்வாறே செய்க. கடல் கடந்து வந்தவன் எதனை அஞ்சினான், எதனை வேண்டினான் என்பதை நாணயம் சொல்லாது.