புள்ளி விழுந்த கோடரி



நம்மில் மூத்தோர் ஊரை விட்டு வடக்கே வந்தபோது கையில் கொண்டுவந்த செல்வம் பெரும்பாலும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்துமே ஆகும். வந்த பின்னரும் கற்பது நின்றபாடில்லை. மைய அரசு அலுவலில் அமர்ந்தோர் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று இந்தித் தேர்வுகளை எழுதினர். இலாகாத் தேர்வுகள் வேறு. பின்னர்த் தட்டெழுத்துப் பொறி போய்க் கணிப்பொறி வந்தது. அனைத்தையும் கற்றோம், உயர்ந்தோம். ஆயினும், 'இன்னும் போதாது' என்று அன்று காதில் விழுந்த குரல் இன்றும் ஓயவில்லை என்பதை மறைப்பானேன்?

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் தம் வரலாற்றில் ஒரு செய்தி கூறுகின்றார். இளமையில் அவர் 13 நற்பண்புகளைத் தேர்ந்து, சிறு ஏடொன்றில் கட்டம் வரைந்து, வாரத்திற்கு ஒரு பண்பாகப் பயின்றார். தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி! 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டிற்கு நான்கு சுற்று. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிடவே, தந்தத் தகட்டு ஏட்டிற்கு மாறினாராம். (தாள்தான் தோற்றது, மனிதர் விடவில்லை.) அத்தகையவருக்கும் 'ஒழுங்கு' என்னும் ஒரு பண்பு மட்டும் இறுதிவரை கைகூடவில்லை. 1784-இல், 78-ஆம் வயதில், அதனை ஒளியாது எழுதினார். கோடரி முழுதும் பளபளக்க வேண்டுமென்று விரும்பிய ஒருவன், கொல்லன் தீட்டத் தீட்டச் சாணைச் சக்கரத்தைத் தானே சுற்றி, கை சோர்ந்து, புள்ளி விழுந்த கோடரியே தனக்குப் பிடிக்கும் என்று எடுத்துச் சென்ற கதையையும் உடன் எழுதினார்.

நம் குடியிருப்பில் அந்தச் சக்கரத்தைச் சுற்றுவோர் யாவர்? நம் குழந்தைகளே. பள்ளி விட்டதும் கணக்கு டியூஷன், அது முடிந்ததும் பாட்டு, ஞாயிறு மாலையில் நம் சங்கத்துத் தமிழ் வகுப்பு. சென்ற கோடையில் அவ்வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், "விடுமுறையில் என்னம்மா செய்யப் போகிறாய்?" என்று விளையாட்டாகக் கேட்டோம். "சும்மா இருக்கத்தான் ஆசை, மாமா. ஆனால் அப்பா வருத்தப்படுவார்" என்றாள். பத்து வயதுக் குழந்தை! தந்தையார் கடிந்து ஒரு சொல் சொல்லும் இயல்பினர் அல்லர். அவர் முகத்தைப் பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள் போலும். அடுத்த வாரமே அவள் பெயரைத் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியில் சேர்த்துக்கொண்டோர் வேறு யாருமல்லர், நாமேதாம்.

ஆகவே, வரும் கோடையில் ஞாயிறு வகுப்பை நிறுத்திவிட்டுக் கூடத்தைத் திறந்து வைப்பதென்று செயற்குழுவில் முடிவு செய்துள்ளோம். பாடமில்லை, போட்டியில்லை, பரிசில்லை. பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் வாயிலிலேயே விடைபெற்றுக்கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகின்றோம்.